அறுபதுகளின் ராக் கிட்டார் டோனும் வைப்ரேட்டோவும்: ஆம்ப் குமிழிலிருந்து விரல் நுனி வரை

ஃப்ரீ என்ற லண்டன் குழுவின் கிட்டாரிஸ்ட் பால் கோசாஃப் 1976 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு வயது 25. அதற்குள் அவர் பதிவு செய்துவிட்டுப் போன சோலோக்களைக் கேட்டுப் பாருங்கள். நோட்டுகள் மிகக் குறைவு. ஒரு நோட்டை எடுப்பார், அது முழுசாக விரியும் வரை விட்டுவைப்பார், அப்புறம் இடது கையால் அதை அசைக்கத் தொடங்குவார். கையில் கிப்சன் லெஸ் பால், பின்னால் மார்ஷல் ஆம்ப். அந்த ஒற்றை நோட்டில் இருக்கும் கனம், நூறு நோட்டு வாசிப்பவர்களிடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்த ஒலியைத் தேடுகிறவர்கள் டோனை (ஒலியின் குணத்தை) ஒரு வேலையாகவும் வைப்ரேட்டோவை (நோட்டை விரலால் அசைப்பதை) வேறொரு வேலையாகவும் பிரித்துக்கொள்கிறார்கள். டோனுக்கு பெடல் வாங்குகிறார்கள், வைப்ரேட்டோவுக்கு வீடியோ பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை என்பதுதான் என் உறுதியான கருத்து. நோட்டு நீண்டு நின்றால்தான் அதை அசைக்க நேரம் கிடைக்கும். அதை நிற்க வைப்பது ஆம்ப். நின்ற நோட்டுக்கு உயிர் கொடுப்பது விரல். ஆகவே ஆம்பை அமைக்கும்போதே கார்டு வாசித்து அமைக்காமல், ஒரு நீண்ட நோட்டைப் பிடித்துக்கொண்டு அமையுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு நோட்டைச் சுற்றித்தான்.

மைனர் பென்டடானிக் ஸ்கேலின் முதல் பாக்ஸ் உங்களுக்குத் தெரியும், பென்ட், அதாவது கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவது, ஓரளவு வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். பயிற்சிகள் எல்லாம் ஏ சுருதியில்.

இந்த ஒலி எங்கிருந்து வந்தது

லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில்தான் 1962 வாக்கில் முதல் மார்ஷல் ஆம்ப் உருவானது. ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை ஒட்டியே அதைச் செய்தார்கள். ஜேடிஎம்45 என்ற அந்த ஆம்பின் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) வடிவம் ஒன்றை, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ளதை, கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் 1966-இல் ப்ளூஸ் பாடகர் ஜான் மயாலுடன் ஆல்பம் பதிவு செய்ய ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். அன்றைய ஸ்டுடியோ பழக்கத்துக்கு அது புதிது.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கால ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம் (திணறலைக் குறைக்காமல் மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் தனிக் குமிழ்) கிடையாது. ஒரு சேனலுக்கு ஒரே வால்யூம் குமிழ்தான். அதைத் திருப்பத் திருப்ப ப்ரீஆம்ப் ட்யூபுகள் மட்டுமின்றி பவர் ட்யூபுகளும் ஸ்பீக்கரும் சேர்ந்து திணறும். அந்தத் திணறலில்தான் நோட்டின் முனை மழுங்கி, வால் நீள்கிறது. பிக்கால் கம்பியை மெதுவாகத் தட்டினால் கிளீன், ஓங்கித் தட்டினால் உறுமல். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் விரல் விளையாட இடம் இருக்கிறது. மார்ஷல் தன் பெரிய ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூமைக் கொண்டுவந்தது 1975-இல்தான். அதற்கு முந்தைய ஆம்ப்களின் நடத்தையைத்தான் நாம் வீட்டுச் சத்தத்தில் கொண்டுவரப் பார்க்கிறோம்.

படி 1: கிட்டாரைத் தயார் செய்யுங்கள்

கோசாஃப், கிளாப்டன், ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் மூவரும் அந்தக் காலத்தில் வாசித்தது ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் உள்ள லெஸ் பால். ஹம்பக்கர் உள்ள எந்தக் கிட்டாரும் இந்த ஒலிக்கு அருகில் வரும். ஃபெண்டர் ஸ்ட்ராட்தான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம், நெக் பிக்கப்பில் தொடங்குங்கள்.

கம்பி 10-46 செட் போதும் (முதல், கடைசிக் கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). விரல் இன்னும் பழகவில்லை என்றால் 9-42. தடித்த கம்பியில்தான் நல்ல டோன் என்று சொல்லிக்கொண்டு 11 போட்டு, பென்ட் பாதியில் நின்றுபோனால் லாபம் ஒன்றுமில்லை. அந்தத் தலைமுறையிலேயே பலர் முதல் கம்பிக்கு மெல்லிய பான்ஜோ கம்பியைப் போட்டு, மற்றவற்றை ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டியது வளைப்பதற்காகத்தான்.

ஆக்‌ஷனை (ஃப்ரெட்டிலிருந்து கம்பியின் உயரத்தை) ரொம்பவும் கீழே இறக்கிவிடாதீர்கள். கம்பி ஃப்ரெட்டோடு ஒட்டிக் கிடந்தால், வளைக்கும்போது பக்கத்துக் கம்பி விரல் நுனியின் மேல் ஏறிவிடும், பிடி நழுவும். 12-ஆம் ஃப்ரெட்டில் முதல் கம்பி 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் விரல் கம்பிக்கு அடியில் இறங்கிப் பிடிக்க இடம் கிடைக்கும்.

இன்னொன்று, நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட துண்டு. பென்ட் செய்துவிட்டுத் திரும்பும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுருதி இறங்கினால், கம்பி நட் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது என்று பொருள். கம்பியைத் தளர்த்தி வெளியே எடுத்து, சாதாரணப் பென்சில் முனையால் பள்ளத்துக்குள் நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பென்சில் கரி வழுக்கிக் கொடுக்கும். லெஸ் பாலில் மூன்றாம் கம்பிக்கு இது கட்டாயம் தேவைப்படும். ஹெட்ஸ்டாக்கில் அந்தக் கம்பி பக்கவாட்டில் திரும்பித்தான் ட்யூனருக்குப் போகிறது, அந்தத் திருப்பத்தில்தான் உராய்வு அதிகம்.

படி 2: ஆம்பை ஒரு நோட்டை வைத்து அமையுங்கள்

மார்ஷல் வகை ஆம்ப் இருந்தால் நல்லது. மாடலிங் ஆம்ப் அல்லது மென்பொருள் என்றால் ‘பிளெக்ஸி’ அல்லது ‘பிரிட்’ என்ற பெயரில் இருக்கும் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹை கெயின்’ என்று போட்டிருப்பதைத் தொடவேண்டாம்.

எல்லாக் குமிழையும் நடுவில் வையுங்கள். கிட்டாரில் வால்யூமும் டோனும் 10. ப்ரிட்ஜ் பிக்கப். இப்போது இரண்டாம் கம்பி 10-ஆம் ஃப்ரெட், அதாவது ஏ நோட்டை அழுத்தி, ஒருமுறை ஓங்கித் தட்டி அப்படியே பிடியுங்கள். வைப்ரேட்டோ வேண்டாம், பிடித்தால் போதும்.

கெயினைக் குறைத்துக்கொண்டே வந்து, நோட்டு ஒன்றிரண்டு நொடியில் செத்துப்போகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து மெல்ல ஏற்றுங்கள். நோட்டு மூன்று நான்கு நொடி நின்று, மெதுவாகத் தட்டினால் ஏறக்குறைய கிளீனாகவும் கேட்கும் இடம் ஒன்று வரும். பெரும்பாலான ஆம்ப்களில் அது 10-க்கு 4, 5 என்ற அளவில் இருக்கும். அதற்கு மேல் ஏற்றக் கை பரபரக்கும். ஏற்றாதீர்கள். கெயின் கூடினால் எல்லா நோட்டும் ஒரே உயரத்துக்கு நசுங்கிவிடும், விரல் செய்யும் நுணுக்கம் இரைச்சலில் மூழ்கிவிடும். பழைய பதிவுகளைக் கவனித்துக் கேட்டால் நாம் நினைத்திருந்ததைவிட டிஸ்டார்ஷன் எவ்வளவு குறைவு என்று புரியும்.

அடுத்து ஈக்யூ. பாஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5, பிரசன்ஸ் 4 என்று தொடங்குங்கள். மிட்தான் இதில் உயிர். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து, பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றினால் பெரிதாகக் கேட்பது உண்மைதான். ஆனால் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும் அந்தக் கிட்டார் காணாமல் போகும். நீண்ட நோட்டு மனிதக் குரல் மாதிரி கேட்பதற்குக் காரணமே மிட்தான்.

நான்கு உள்ளீடுகள் உள்ள பிளெக்ஸி வகை ஆம்ப் என்றால், ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இரண்டு சேனலையும் இணைத்துவிடலாம். பிரைட் சேனலின் கூர்மையோடு நார்மல் சேனலின் தடிப்பை வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். பல மாடலிங் கருவிகளிலும் இந்த வசதி ‘ஜம்ப்டு’ என்ற பெயரில் இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹெட்ஃபோனில் வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கேபினட் சிமுலேஷன் போடாமல் எந்த ஆம்ப் மாடலும் கொசு ரீங்கரிப்பது போலத்தான் கேட்கும். செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர் நான்கு உள்ள கேபினட்டின் ஐஆர் (அந்த ஸ்பீக்கர் ஒலிக்கும் விதத்தைப் பதிந்த கோப்பு) ஒன்றைப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். உண்மையான ட்யூப் ஆம்பைக் கம்மியான சத்தத்தில் வாசிக்க வேண்டுமென்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சக்தியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இருக்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் ட்யூப் ஆம்பை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

படி 3: கிட்டாரின் குமிழ்களைப் பயன்படுத்துங்கள்

மேலே சொன்னபடி அமைத்த ஆம்பில் கிட்டார் வால்யூம்தான் உங்கள் கெயின் குமிழ். ரிதத்துக்கு 6 அல்லது 7, சோலோவுக்கு 10. கால் எதையும் மிதிக்க வேண்டியதில்லை. வால்யூமைக் குறைக்கும்போது ஒலி மங்கிப்போனால், கிட்டாரில் உயர் அலைகளைக் காப்பாற்றும் ட்ரெபிள் ப்ளீட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். செலவு குறைவு, பலன் நிறைய.

டோன் குமிழையும் திருப்பிப் பாருங்கள். கிரீம் குழுவில் இருந்தபோது கிளாப்டன் டோனை முழுக்க இறக்கி, வால்யூமை முழுக்க ஏற்றி வாசித்த ஒலிக்கு ‘வுமன் டோன்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. உச்சாணி அலைகள் எல்லாம் போய், புல்லாங்குழலுக்குப் பக்கத்தில் வரும் ஒலி அது. வைப்ரேட்டோ பயிற்சிக்கு இது ரொம்ப நல்லது. பிக் சத்தம் அடங்கிவிடுவதால் சுருதியின் அசைவு மட்டும் தனியாகக் கேட்கும்.

பெடல்கள் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஆம்ப் போதவில்லை என்றால் ஓர் ஓவர்டிரைவ் பெடலில் டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவலை உயரத்திலும் வைத்து ஆம்பைத் தள்ளுங்கள். ரிவெர்ப் கொஞ்சம். அவ்வளவுதான்.

படி 4: கை எப்படி நிற்க வேண்டும்

வைப்ரேட்டோ விரல் மூட்டிலிருந்து வரக்கூடாது. விரல்கள் வளைந்த நிலையில் உறைந்து நிற்க, மணிக்கட்டுதான் சுழல வேண்டும். கட்டைவிரலை நெக்கின் மேல் விளிம்பைத் தாண்டிக் கொக்கி போடுங்கள். ஆள்காட்டி விரலின் அடிமூட்டுப் பக்கம் நெக்கின் கீழ் விளிம்பில் பதிந்திருக்கட்டும். அந்த இடம்தான் அச்சு. பூட்டில் சாவியைத் திருப்புவது போல முன்கை சிறிதாகச் சுழலும்போது, விரல் நுனி கம்பியைத் தானாகவே தள்ளும்.

மோதிர விரலால் வாசிக்கும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பியின் மேல் பின்னால் நின்று உதவ வேண்டும். முதல் மூன்று கம்பிகளை மேல்நோக்கி, கூரைப் பக்கம் தள்ளுங்கள். தடித்த கம்பிகளைத் தரைப் பக்கம் இழுங்கள், இல்லையென்றால் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும்.

ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி. பி. கிங் கை வேறு மாதிரி. அவருடைய உறவினர் புக்கா வைட் ஸ்லைடு (விரலில் குழாய் மாட்டிக் கம்பியில் வழுக்கி வாசிப்பது) வாசிப்பதில் பெயர் பெற்றவர். கிங்குக்கு ஸ்லைடு கைவரவில்லை. அந்த ஒலியை வெறும் விரலால் கொண்டுவரப் போய்ப் பிறந்ததுதான் அவருடைய வைப்ரேட்டோ. ஆள்காட்டி விரல் மட்டும் கம்பியில் ஊன்றி நிற்கும், கட்டைவிரல் நெக்கை விட்டு விலகிவிடும், மற்ற விரல்கள் விசிறி போல விரிந்து முழுக் கையும் படபடக்கும். இரண்டு முறையும் பழகுங்கள். ஆள்காட்டி விரலுக்கு கிங் முறை, மோதிர விரலுக்கு முதலில் சொன்ன முறை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான சந்தர்ப்பங்களுக்குப் போதும்.

படி 5: சுருதியோடும் தாளத்தோடும் அசையுங்கள்

கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடும், சுருதி ஏறத்தான் செய்யும். ஏறிய சுருதி மூல இடத்துக்கே திரும்பி வருவதுதான் வைப்ரேட்டோவின் அடிப்படை. பலருடைய வைப்ரேட்டோ பிசகாகக் கேட்பதற்குக் காரணம் வேகமோ அகலமோ இல்லை. கம்பி முழுதாகத் திரும்புவதில்லை, பாதி வழியிலேயே அடுத்த தள்ளல் தொடங்கிவிடுகிறது. மொத்த நோட்டும் சற்று ஏறிய சுருதியில் தொங்குகிறது.

இதற்கு நம் ஊரில் எல்லோர் கையிலும் இருக்கும் ஒரு மருந்து, சுருதிப் பெட்டி ஆப். ஏ சுருதியில் தம்புராவை ஓடவிடுங்கள். ஆம்ப் கிளீன் சேனலில் இருக்கட்டும். மெட்ரோனோம் 60.

இரண்டாம் கம்பி 10-ஆம் ஃப்ரெட்டை மோதிர விரலால் அழுத்தித் தட்டுங்கள். மெட்ரோனோமின் முதல் இரண்டு தட்டுகளில் அசைக்கவே வேண்டாம், தம்புராவோடு நோட்டு கரைந்து நிற்கட்டும். மூன்றாம் தட்டில் மெதுவாகத் தள்ளி, நான்காம் தட்டில் மூல இடத்துக்குக் கொண்டுவாருங்கள். திரும்பிய கணத்தில் தம்புராவோடு மறுபடி கரைகிறதா என்று காது சொல்லும். சந்தேகம் இருந்தால் ட்யூனரைப் பாருங்கள். முள் பூஜ்யத்தில் தொடங்கி, ஏறக்குறைய 50 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் பாதி ஏறி, மறுபடி பூஜ்யத்தைத் தொட வேண்டும். வேகம் கூடினால் முள்ளால் ஈடுகொடுக்க முடியாது, மெதுவாகச் செய்யும்போது மட்டும் அதை நம்புங்கள்.

இது சரியாக வந்ததும் ஒரு தட்டுக்கு ஒரு முழு அசைவு, அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு. நான்கு என்றால் நொடிக்கு நான்கு அசைவு. அதுவே பாட்டில் கேட்கும் நிதானமான வைப்ரேட்டோ. மெட்ரோனோமை 72-க்குக் கொண்டுபோனால் நொடிக்கு ஐந்துக்குப் பக்கத்தில் வரும். மூன்று அசைவு, அதாவது ட்ரிப்லெட், ஸ்லோ ப்ளூஸுக்கு அழகாகப் பொருந்தும் என்பதால் அதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். எந்த எண்ணிக்கையிலும் அகலம் ஒரே அளவாக இருக்க வேண்டும். வேகம் கூடும்போது அகலம் சுருங்கினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

ஒரு நாளைக்கு பத்து, பதினைந்து நிமிடம் போதும். விரல் நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

படி 6: வளைத்த நோட்டில் வைப்ரேட்டோ

இதுதான் கஷ்டமான பகுதி, இந்தப் பாணியின் மையமும் இதுவே. வளைத்துப் பிடித்த நோட்டில் அசைவின் திசை மாறிவிடுகிறது. சேர வேண்டிய சுருதி உச்சியில் இருக்கிறது. சற்றுத் தளர்த்திக் கீழே இறங்கி, மறுபடி அதே உச்சியைத் தொட வேண்டும்.

முதலில் இரண்டாம் கம்பி 5-ஆம் ஃப்ரெட்டைத் தட்டி, ஈ நோட்டைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது மூன்றாம் கம்பி 7-ஆம் ஃப்ரெட் டி நோட்டை மூன்று விரலும் சேர்த்து முழு ஸ்வரம் மேலே தள்ளி அதே ஈ-க்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்ததும் நில்லுங்கள். பல நாள் இதை மட்டும் செய்தாலும் தகும், ஏனென்றால் சேராத பென்டில் போடும் வைப்ரேட்டோ பிசகை ஊருக்குச் சொல்லிக் காட்டும்.

சேர்ந்த இடத்தில் நிற்க முடிகிறது என்றால், பிடியைத் தளர்த்தாமல் மணிக்கட்டை மட்டும் இம்மியளவு திரும்பவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். இதையும் 60-இல், ஒரு தட்டுக்கு ஓர் அசைவாகத் தொடங்குங்கள். கம்பி மேலே போகும்போது நான்காம், ஐந்தாம் கம்பிகளை முட்டும். அவை ஒலிக்காமல் இருக்க ஆள்காட்டி விரல் நுனியால் நான்காம் கம்பியைத் தொட்டு அடக்குங்கள், தடித்த கம்பிகளை வலது உள்ளங்கை பார்த்துக்கொள்ளட்டும். கிளீனில் தெரியாத இந்த அழுக்கு, ஓவர்டிரைவில் கூச்சலாக வெளியே வரும்.

படி 7: காதுக்கு யாரைக் கொடுப்பது

கோசாஃபின் வைப்ரேட்டோ அகலமானது, நடுக்கம் கலந்தது, தவிப்போடு கேட்பது. பீட்டர் கிரீன் அதற்கு நேர் எதிர். ஆரம்பகால ஃப்ளீட்வுட் மேக் பதிவுகளில் அவர் நோட்டை வெறுமையாக விட்டு, கடைசியில் மட்டும் இலேசாக அசைப்பார். ஏசி/டிசியின் ஆங்கஸ் யங் வேகமும் அகலமும் சேர்ந்தவர். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் பென்டைச் சேர்த்துவிட்டு நிதானமாக அசைப்பதோடு, ஸ்ட்ராட்டின் வாமி பாராலும் (கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் கைப்பிடி) அதே வேலையைச் செய்வார். அதில் சுருதி மூல இடத்துக்குக் கீழேயும் போகும்.

இவர்களில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு நீண்ட நோட்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பாட்டின் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டால் எத்தனையாவது தட்டில் அசைவு தொடங்குகிறது, எத்தனை அசைவு, எங்கே அகலம் கூடுகிறது என்று எண்ணிவிடலாம். பீட்டர் கிரீனிடம் தொடங்குங்கள் என்பது என் யோசனை. எப்போது அசைக்காமல் இருக்க வேண்டும் என்பதை அவர்போலச் சொல்லித்தந்தவர் இல்லை.

படி 8: எல்லாம் சேர்த்து ஒரு வரி

ஆம்பை மறுபடி படி 2-இல் அமைத்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாம் கம்பி 7-ஐ ஈ வரை வளைத்து இரண்டு தட்டு பிடியுங்கள், இரண்டாம் தட்டில் வைப்ரேட்டோ தொடங்கட்டும். அப்புறம் இரண்டாம் கம்பி 8, 5. மூன்றாம் கம்பி 7, 5. கடைசியாக நான்காம் கம்பி 7-ஆம் ஃப்ரெட், ஏ நோட்டில் வந்து உட்கார்ந்து நான்கு தட்டு நில்லுங்கள். முதல் தட்டு வெறுமை, இரண்டாவதில் மெல்லிய அசைவு, மூன்றிலும் நான்கிலும் அகலம் கூடட்டும். நான்காம் கம்பியை இங்கே கீழ்நோக்கி இழுக்க வேண்டும்.

இந்த வரியை வாசித்தபடியே ஆம்பை நுணுக்கமாகத் திருத்துங்கள். கடைசி நோட்டு நான்காம் தட்டுக்கு முன்னால் அடங்கிவிட்டால் கெயினை ஒரு துளி ஏற்றுங்கள். பென்டில் அசைவு குழம்பிக் கேட்டால் குறையுங்கள். பிக் படும் சத்தம் குத்தினால் ட்ரெபிளைத் தொடுமுன் பிக்கை நெக் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்திப் பாருங்கள். ஆம்பின் அருகில் உட்கார்ந்திருந்தால் எழுந்து, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே காது வரும்படி ஒருமுறை குனிந்து கேளுங்கள். கால்முட்டி உயரத்தில் இருக்கும் ஸ்பீக்கரின் ட்ரெபிள் நின்றுகொண்டிருப்பவர் காதுக்கு வருவதில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது முழுசாகப் போய்ச் சேரும்.

பேண்டோடு வாசிக்கப் போகும்போது பாஸை இன்னும் ஒரு புள்ளி இறக்கி, மிட்டை ஒரு புள்ளி ஏற்றுங்கள். சத்தம் கூடக் கூட ஸ்பீக்கரே கம்பியை மறுபடி அதிரவைக்கத் தொடங்கும். ஆம்பைப் பார்த்துத் திரும்பி நின்று அந்த ஏ நோட்டைப் பிடித்தால், ஏதோ ஓர் இடத்தில் அது அடங்காமல் தானாகவே நிற்கும். ஒத்திகை அறையில் அந்த இடம் எது என்று நடந்து பார்த்துத் தேடுங்கள். கிடைத்ததும் தரையில் ஒரு டேப் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.